குறிப்புச் செயலியில் அழகுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கைப்பேசியில் குறிப்பெடுக்கும் செயலிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சந்தா கட்டலாமா, கட்டிய பணம் திரும்புமா என்பதோடு, எழுதியதை ஒழுங்காக அடுக்குவது எப்படி என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு செயலியின் இலவசப் பதிப்பில் பாடக்குறிப்புகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். தலைப்புக்கு ஒரு நிறம், முக்கிய வரிக்கு ஒரு நிறம் என்று திரையில் பார்க்க அழகாக இருக்கிறது. அச்செடுப்பதற்காக வேர்டில் ஒட்டினால் எல்லாம் கலைந்துபோகிறது. கட்டணப் பதிப்பில் ‘மேம்பட்ட வடிவமைப்பு’ இருக்கிறதாம். ஆண்டுச் சந்தா இரண்டாயிரத்துச் சொச்சம். வாங்கலாமா? (பட்டதாரி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். குறைந்தபட்சம், கீழே சொல்வதைச் செய்து பார்க்கும்வரை வேண்டாம்.

நீங்கள் தலைப்பு வரியைப் பெரிதாக்கி, தடித்த எழுத்தாக்கி, நிறமும் கொடுத்திருப்பீர்கள். உங்கள் கண்ணுக்கு அது தலைப்பு. செயலிக்கோ அது சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும் இன்னொரு வரி, அவ்வளவுதான். வேறிடத்தில் ஒட்டும்போது அளவும் நிறமும் உதிர்ந்தால் அதைத் தலைப்பு என்று காட்ட எதுவும் மிஞ்சாது. கட்டணப் பதிப்பு வாங்கினால் இன்னும் பத்து நிறங்கள் கிடைக்கும். அவையும் அதே வழியில் உதிரும்.

இதற்கு மருந்து இலவசப் பதிப்பிலேயே பெரும்பாலும் இருக்கிறது. விசைப்பலகைக்கு மேலே ஆங்கில முதல் எழுத்துப் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் தலைப்பு, துணைத்தலைப்பு, சாதாரண உரை என்று பட்டியல் விரியும். அங்கிருந்து தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான தலைப்பு. இப்படி எழுதிய குறிப்பைக் கூகுள் டாக்ஸில் ஒட்டி, தலைப்பின் மேல் கர்சரை வைத்து மேலே கருவிப்பட்டையைப் பாருங்கள். ‘தலைப்பு 1’ என்று காட்டினால் அடுக்கு பிழைத்து வந்திருக்கிறது. ‘சாதாரண உரை’ என்று காட்டினால் வந்தது வெறும் வேடம்.

அடுத்தது இடைவெளி. அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு எப்படியும் தேவைப்படும். பலரும் ‘சமத்துவ உரிமை’ என்று எழுதி, இடைவெளிப் பட்டையைப் பலமுறை தட்டி, வலப்பக்கம் ‘14–18’ என்று பிரிவு எண்களைப் போடுவார்கள். அடுத்த வரியில் ‘சுரண்டலுக்கு எதிரான உரிமை’ நீளம் என்பதால் இடைவெளியைக் குறைத்து ‘23–24’. அந்தத் திரையில் எண்கள் நேர்கோட்டில் நிற்கும். எழுத்துருவோ திரையின் அகலமோ மாறிய மறுகணம் ஒவ்வோர் எண்ணும் ஒரு பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவைப் போட்டுச் சமாளிப்பார்கள். தமிழில் அது நடக்காது. ‘ர’ கேட்கும் இடமும் ‘ணை’ கேட்கும் இடமும் ஒன்றல்ல.

எனவே இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். அட்டவணை வசதி இல்லாத செயலி என்றால் எண்ணை முன்னால் கொண்டுவாருங்கள்:

14–18: சமத்துவ உரிமை
19–22: சுதந்திர உரிமை
23–24: சுரண்டலுக்கு எதிரான உரிமை
25–28: சமயச் சுதந்திர உரிமை
29–30: பண்பாடு, கல்வி உரிமைகள்
32: அரசியலமைப்புவழித் தீர்வு பெறும் உரிமை

எண்கள் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருப்பதால் வரிகள் தாமாகவே ஒழுங்காக நிற்கும்; எங்கே ஒட்டினாலும் கலையாது. 31 ஏன் இல்லை என்பதைத் தனி வரியாக, மேற்கோள் வடிவில் கீழே வையுங்கள்: சொத்துரிமை, 1978-இல் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டது. தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இப்படி விட்டுப்போன எண்களைப் பற்றித்தான் என்பது என் சந்தேகம்.

அலங்காரம் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கோடு தமிழுக்கு ஆகாது. ‘மு’, ‘கூ’ போன்றவற்றின் கீழ்ச்சுழி மீது கோடு ஓடி எழுத்தையே வெட்டிவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனி வடிவம் இல்லாததால், மென்பொருள் நேரெழுத்தை அப்படியே சரித்துக் காட்டும். தடித்த எழுத்தைச் சிறிய அளவில் போட்டால் ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். ஒரு பத்தியில் ஒரு சொல்லைத் தடிமனாக்கினால் கண் அங்கே போகும். ஆறு சொற்களைத் தடிமனாக்கினால் எங்கும் போகாது. வரி இடைவெளியை மாற்றும் வசதி இருந்தால் ஒன்றரை அளவு வையுங்கள். மேலே ‘கி’யின் கொக்கியும் கீழே ‘கு’வின் வளைவும் முட்டிக்கொள்ளாமல் இருந்தாலே பக்கம் பாதி அழகாகிவிடும்.

இதன் பிறகும் வாங்கத் தோன்றினால், ஒரே ஒரு குறிப்பைத் தயார் செய்யுங்கள்: ஒரு தலைப்பு, இரண்டு துணைத்தலைப்பு, ஓர் அட்டவணை, ஒரு புள்ளிப் பட்டியல், ஒரு படம். அதை இலவசப் பதிப்பிலிருந்து பிடிஎஃப் ஆகவும் வேர்டு கோப்பாகவும் ஏற்றுமதி செய்து பாருங்கள். ஏற்றுமதியே கட்டணப் பதிப்பில்தான் உண்டு என்றால் அந்தச் செயலியை விட்டு விலகுங்கள். நம் எழுத்தை நமக்கே திருப்பித் தர விலை கேட்கிறார்கள் என்று பொருள்.

பணம் கொடுக்க நியாயமான காரணங்களும் உண்டு. பல கருவிகளில் ஒத்திசைவு (ஒன்றில் எழுதியது மற்றவற்றிலும் தானாகவே வருவது), கூடுதல் சேமிப்பிடம், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடும் வசதி ஆகியவை அவற்றில் சில. வடிவமைப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: அப்படியானால் கட்டணமில்லாமல் எதைப் பயன்படுத்துவது? என் மகன் மார்க்டவுன் கற்றுக்கொள் என்கிறான். ஐம்பத்தைந்து வயதில் இது தேவையா? (கூட்டுறவுச் சங்கச் செயலாளர், கும்பகோணம்)

பதில்: மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வயதை இதில் இழுக்காதீர்கள். கற்க வேண்டியது நான்கைந்து குறிகள்தான். வரியின் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு, ## போட்டால் துணைத்தலைப்பு, சிறு கோடு போட்டால் பட்டியல், சொல்லின் இருபுறமும் ** போட்டால் தடித்த எழுத்து. ஜான் குரூபர் என்ற அமெரிக்கர் 2004-இல் வெளியிட்ட முறை இது. கோப்பு வெறும் எழுத்தாகவே இருப்பதால், எழுதிய செயலி நாளை மூடப்பட்டாலும் எந்தக் கணினியிலும் திறக்கும். ஆப்சிடியன், ஜாப்ளின் என்ற இரு குறிப்புச் செயலிகளிலும் மார்க்டவுனில் எழுதலாம். இரண்டையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆப்சிடியன் நிறுவனத்தின் ஒத்திசைவுச் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கூட்டக் குறிப்பு எழுதி அச்செடுப்பதுதான் வேலை என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை. கூகுள் கீப்பில் இரண்டு நிலைத் தலைப்பு உண்டு, அட்டவணை கிடையாது. எழுதியதைக் கூகுள் டாக்ஸுக்கு நகலெடுக்கும் வசதி இருப்பதால் அச்சுக்கு அங்கே போய்விடலாம். ஐபோன் வைத்திருந்தால் அதனுடன் வரும் நோட்ஸ் செயலியே தாராளம். கணினியில் மைக்ரோசாஃப்டின் ஒன்நோட் செயலியில் ஒரு சொல்லை எழுதி டேப் விசையைத் தட்டினாலே அட்டவணை பிறக்கும். தீர்மானப் பதிவுக்கு மிகவும் கைகொடுக்கும். ஆனால் அதன் பக்கத்துக்கு எல்லை கிடையாது. கண்ட இடத்தில் தொட்டு எழுதினால் அச்சில் பாதி வரி தாளுக்கு வெளியே போகும். பக்க அளவை முதலிலேயே ஏ4 என்று வைத்துவிடுங்கள்.

எந்த இலவசத்தையும் நிரந்தரம் என்று நம்பாதீர்கள். எவர்நோட் என்ற குறிப்புச் செயலி தன் இலவசப் பதிப்பை 2023 டிசம்பரில் 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று சுருக்கியது. ஆயிரக்கணக்கில் குறிப்பு வைத்திருந்தவர்கள் அன்றுதான் ஏற்றுமதிப் பொத்தானைத் தேடினார்கள்.

கேள்வி: சமையல் ஒப்பந்தம் எடுக்கிறேன். விலைப்பட்டியலைக் குறிப்புச் செயலியில் அழகாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாடிக்கையாளருக்குக் கோணல்மாணலாகப் போகிறது. (காரைக்குடி)

பதில்: முதல் பதிலில் சொன்னதுதான்: விலையை முன்னால், பண்டத்தைப் பின்னால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலேயே, சொல்லின் இருபுறமும் ஒற்றை * போட்டால் தடித்த எழுத்து. வரித் தொடக்கத்தில் சிறு கோடும் இடைவெளியும் விட்டால் புள்ளிப் பட்டியல். மார்க்டவுனில் இரண்டு நட்சத்திரம், இங்கே ஒன்று, குழப்பிக்கொள்ளாதீர்கள். நாற்பது பண்டங்களுக்கு மேல் போனால் பிடிஎஃப் ஆக அனுப்புவதே மேல்.

கேள்வி: பணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். பழைய கணினியில் எழுதிய கட்டுரைகளைப் புதிய கைப்பேசியின் குறிப்புச் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. கடையில் கேட்டால் தமிழுக்கான கட்டணச் செயலி வாங்கச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

பதில்: கடைக்காரருக்குப் பணம் தர வேண்டாம். உங்கள் கட்டுரைகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த முறையில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடுகிறது. ஒட்டிய உரையில் அரைப்புள்ளி ஏராளமாகத் தென்படுகிறதா? பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்தக் குறியைத்தான் பயன்படுத்தினார்கள்.

பாமினியிலிருந்து, இன்றைய கைப்பேசிகளும் கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய கணினியில் உரையை நகலெடுத்து, கருவியில் ஒட்டி, மாற்றி, பிறகு குறிப்புச் செயலிக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தர முறையாக அறிவித்துவிட்டது; இனி எழுதுவதை அதிலேயே எழுதுங்கள். கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றும்போது அவையும் தமிழாகிக் குளறும். அவற்றை மட்டும் கையால் திருத்தியாக வேண்டும், வேறு வழியில்லை.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ‘கொ’, ‘கே’ போன்றவற்றின் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து வரும். மூலக் கோப்பு இருக்கும்போது அந்த வேதனை எதற்கு?

கேள்வி: ‘ஏழு நாள் இலவசம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு குறிப்புச் செயலியைத் தரவிறக்கினேன். அட்டை எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். பிடிக்காததால் நான்காம் நாளே செயலியை அழித்துவிட்டேன். நேற்று ஓராண்டுச் சந்தா முழுவதும் கணக்கிலிருந்து போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா? (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

பதில்: நேற்றுதான் போனது என்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே கோரிக்கை அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். அதற்குப் பிறகு செயலி நிறுவனத்தின் வாயைப் பார்க்க வேண்டியிருக்கும். ஐபோன் என்றால் ஆப்பிளின் ‘சிக்கலைத் தெரிவி’ பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் முடிவு அவர்கள் கையில். காரணத்தைச் சுருக்கமாக, தேதியுடன் எழுதுங்கள்.

செயலியை அழிப்பது சந்தாவை ரத்து செய்வதாகாது. பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல், சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளில் உங்கள் பெயருக்குள் சந்தாக்கள் இருக்கும். சோதனைக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்துவிட வேண்டும். யுபிஐ தானியங்கிக் கட்டணமாக இருந்தால், அந்த யுபிஐ செயலியிலும் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

வங்கியின் குறுஞ்செய்திகளையும் தேடிப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகக் கழியும் சந்தாவுக்கு முதல்முறை கூடுதல் சரிபார்ப்புடன் உங்கள் ஒப்புதல் பெற வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அதில் விலகிக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும். ரூ.15,000 வரையிலான சந்தாக்களுக்கு மறுபடி ஓடிபி கேட்க மாட்டார்கள். அதனால் அந்த அறிவிப்பு ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அது வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

இலவசச் சந்தாவுக்கு அட்டை விவரத்தைக் கட்டாயமாக வாங்குவதையும், ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதையும் ‘சந்தாப் பொறி’ என்று மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு விதிகள் பட்டியலிட்டிருக்கின்றன. அவை தடைசெய்த 13 வகை ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. செயலியில் ரத்துப் பொத்தான் எங்கே இருந்தது, எத்தனை திரைகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்பதை ஸ்கிரீன்ஷாட்டுகளாக எடுத்து வையுங்கள். கூகுளோ ஆப்பிளோ கைவிரித்தால், அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பணம் கழிந்த செய்தி, சந்தா தொடங்கியபோது வந்த மின்னஞ்சல், செயலியின் பெயருடன் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.