கத்தரி வெயிலில் கொதிக்கும் லேப்டாப்: கேள்வி-பதில்

சித்திரை பிறந்துவிட்டால் வண்ணார்பேட்டையில் என் சர்வீஸ் மேசைக்கு வருகிற லேப்டாப்களுக்கு ஒன்று சூடு, இல்லையென்றால் ஃபேன் இரைச்சல், இதுதான் புகார். இந்தக் கோடையில் வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு 86, 87 டிகிரின்னு காட்டுது. கார்டு கருகிப் போயிருமா?
கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

கருகாது தம்பி. லேப்டாப்பில் வருகிற என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகள் பலவற்றுக்கு 87 டிகிரியை ஒட்டித்தான் கம்பெனியே வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டி ஏறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். உங்கள் கார்டுக்கு எந்த எண் என்பதை கமாண்ட் ப்ராம்ப்டில் அடிக்கும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் வெப்ப விவரம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கருகாது என்பதற்காக அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். 87-லேயே ஒட்டிக்கொண்டு நின்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுசாகக் கிடைக்கவில்லை. கேம் தொடங்கும்போது கிளாக், அதாவது கார்டு ஓடும் வேகம் எவ்வளவு, கால் மணி நேரம் கழித்து எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். 1,800 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது 1,300-க்கு இறங்கியிருந்தால் சூடு உங்கள் ஆட்டத்தைத் தின்கிறது. இறங்காமல் நின்றால் கவலையே வேண்டாம்.

உங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைத்தான் இழுத்து ஊதும். அதே வேலை, அதே ஃபேன் வேகம் என்றால், அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். மார்கழியில் 76 காட்டிய மெஷின் மே மாதம் 86 காட்டுவதில் அதிசயம் இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். கீழ் அறைக்கு மேசையை மாற்ற முடிந்தால் அதுவே முதல் வைத்தியம்.

அடுத்தது, பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் சிபியுவின் மீதும் கிராபிக்ஸ் சிப்பின் மீதும் சூட்டைக் கடத்தும் ஒரே செம்புக் குழாய் ஓடுகிறது. சிபியு கொதித்தால் அந்தச் சூட்டில் பக்கத்தில் இருப்பதும் வேகும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் டர்போ எனும் கூடுதல் வேகம் நின்றுவிடும், இரண்டு சிப்பும் மூச்சு விடும். பல கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. புது மெஷின்கள் சிலவற்றில் இந்த அமைப்பு மறைந்திருக்கும்; அங்கே கம்பெனி மென்பொருளில் 'பேலன்ஸ்டு' போட்டாலே போதும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிரேம் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். தேவையில்லாமல் நொடிக்கு 140 ஃபிரேம் வரைந்து தள்ளுகிற கார்டை 60-ல் நிறுத்தினால் சூடு இறங்குவது உடனே தெரியும்.

வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார்கள். லேப்டாப் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஃபேன் ஓயாமல் இரைகிறது. வெளியிலிருந்து ஊதிப் பார்த்தும் சரியாகவில்லை.
முக்கூடல்

போன வாரம் இதே மாதிரி ஒரு மெஷினைத் திறந்தேன். அடி மூடியை எடுத்ததுமே புகையிலை நெடி. ஃபேன் இறக்கைகளில் கொஞ்சம் தூசிதான். ஆனால் ஃபேனைக் கழற்றியதும் அதன் வாய்க்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு படலம். டிவீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளபளவென்றுதான் இருந்தன.

உங்கள் மெஷினிலும் அடைப்பு அந்த இடத்தில்தான் இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் படலம் பின்னால் ஃபேன் பக்கம் நகரும், மறுபடி ஃபேன் சுற்றியதும் பழைய இடத்துக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். திறந்துதான் எடுக்க வேண்டும். மெஷினை அணைத்து, உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஃபேனையும் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். காற்று ஊதினால் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது கட்டாயம். தொழில் பழகிய நாளில் நான் பிடிக்காமல் ஊதி, ஒரு ஃபேனின் பேரிங் போய், என் கையிலிருந்து காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன். டூவீலர் பட்டறை கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். கைப்பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். வாரன்டி இருந்தால் திறக்கும் முன் அதன் நிபந்தனையைப் பாருங்கள்.

அம்மாவின் வேலையை ஒரு குறையாகச் சொல்லாதீர்கள். அந்தப் பீடித்தட்டிலிருந்துதான் இந்த லேப்டாப் வந்திருக்கும். தூள் தரையை ஒட்டித்தான் அதிகம் பறக்கும். மெஷினை மேசைக்கு ஏற்றுங்கள், முடிந்தால் வேறு அறையில் வையுங்கள், வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது.

கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஃபேன் பட்டை மங்கலாகவே இருக்கிறது, நகர்த்த முடியவில்லை. என்விடியா-எஸ்எம்ஐயிலும் ஃபேன் வேகம் காட்டவில்லை. ஃபேன் கெட்டுப்போச்சா?
தியாகராஜ நகர்

கெடவில்லை. டெஸ்க்டாப் கார்டில் ஃபேன் கார்டிலேயே உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பில் பொதுவாக மதர்போர்டில் உள்ள ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்தான் ஃபேனை ஆள்கிறது. அதனால்தான் கார்டுக்கான மென்பொருளுக்கு அது பிடிபடவில்லை. மெஷின் கம்பெனி தருகிற மென்பொருளில் மாற்றுங்கள். யாரோ வேறு மாடலுக்கு எழுதிய ஃபேன் நிரலை உங்கள் மெஷினில் ஓட்ட வேண்டாம். தவறான இடத்தில் தவறான எண் விழுந்து ஃபேன் நின்றே போகலாம்.

பிரவுசர் மட்டும்தான் திறந்திருக்கிறேன். ஃபேன் திடீரென்று சீறும், அடங்கும், மறுபடி சீறும்.
டிடிபி வேலை செய்பவர், சங்கரன்கோவில்

பெரிய கார்டு தூங்காமல் விழித்து விழித்துப் படுக்கிறது. உங்கள் மெஷினில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: சிபியுவோடு சேர்ந்த சின்னது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. சாதாரண வேலைக்குச் சின்னது போதும். ஆனால் அசையும் வால்பேப்பர், வீடியோ எடிட்டரின் பின்னணி வேலை இவற்றில் ஏதாவது ஒன்று பெரியதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். என்விடியா கன்ட்ரோல் பேனலின் டெஸ்க்டாப் மெனுவில் 'ஜிபியு ஆக்டிவிட்டி' ஐகானைக் காட்டச் சொன்னால் எந்த மென்பொருள் எழுப்புகிறது என்று பெயரோடு தெரியும். விண்டோஸ் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த மென்பொருளை மட்டும் 'பவர் சேவிங்'கில் போடுங்கள்.

எச்டிஎம்ஐயில் பெரிய திரை மாட்டியிருக்கிறீர்களா? பல மெஷின்களில் அந்தத் துளை நேராகத் தனிக் கார்டுக்குத்தான் போகிறது. திரை மாட்டியிருக்கும் வரை கார்டு தூங்காது. அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி.

கூலிங் பேட் வாங்கலாமா?
அம்பாசமுத்திரம்

முதலில் பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடியை வைத்துப் பாருங்கள். காசில்லாமல் சில டிகிரி குறையும். குறைந்தால் சாதாரண ஸ்டாண்டே போதும். கலர் விளக்கு மின்னுகிற பேட்களில் பெரும்பாலும் சின்ன ஃபேன்தான், அந்தக் காற்று அடிமூடியைத் தடவிவிட்டுப் போய்விடும். இலவம்பஞ்சு மெத்தையில் வைத்து வேலை பார்ப்பதை மட்டும் இன்றோடு விடுங்கள்: ரப்பர் கால்கள் புதைந்து, காற்று இழுக்கிற துளைகள் மொத்தமாக அடைபடும். பத்தமடைப் பாயில் கால்கள் புதையாது, ஆனாலும் தரைத் தூசியைத்தான் இழுக்கும். ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் வீடு. உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?
உவரி

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மேசை வேண்டாம். உப்பும் ஈரமும் சேர்ந்த தூசி ஊதினால் போகாது, பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். செம்பில் பச்சையும் பூக்கும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பேஸ்ட் மாற்றணும் என்கிறார் ஒருவர், லிக்விட் மெட்டல் போடச் சொல்கிறார் இன்னொருவர், சிப்பைச் சூடு பண்ணினால் சரியாகும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
வள்ளியூர்

பேஸ்ட் என்பது சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசுகிற பசை. அதைச் சொன்னவர் சொல்வதைக் கேளுங்கள், அதுவும் சோதித்த பிறகு. வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பல கார்டுகளுக்குப் பொதுவான வெப்பமும், சிப்பில் மிகச் சூடான இடமான 'ஹாட் ஸ்பாட்' வெப்பமும் தனித்தனியாக வரும். கடும் வேலையில் இரண்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 25-க்கு மேல் போனால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கலாம். மாற்றும்போது பக்கத்து மெமரி சிப்களின் மேலுள்ள, சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும். புதிது வைத்தால் பழைய தடிமனே வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் சிப்பில் சரியாக உட்காராது, முன்பைவிட அதிகமாகச் சுடும்.

லிக்விட் மெட்டலில் இருப்பது காலியம் கலந்த உலோகம். மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி வழிந்தால் போர்டு போச்சு. கம்பெனியே போட்டு வந்த மெஷின் தவிர வேறு எதிலும் நான் தொடுவதில்லை. சிப்பை ஹீட் கன்னில் காட்டுவது சூட்டுக்கு வைத்தியமே இல்லை. படமே வராமல் செத்த கார்டைச் சில நாள் எழுப்பி உட்காரவைக்கிற வேலை அது. ஓடுகிற கார்டில் அதைச் செய்யவே விடாதீர்கள்.

ஃபேனில் கரகரவென்று சத்தம். சில நேரம் சுற்றவே இல்லை.
ஆசிரியை, களக்காடு

பேரிங் தேய்ந்துவிட்டது அம்மா. எண்ணெய் விட்டால் சில வாரம் அடங்கும், பிறகு தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். மாற்றுவதுதான் வழி. ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும், இடது வலது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. புது ஃபேன் வரும் வரை அந்த மெஷினில் வேலை பார்க்க வேண்டாம். மாணவர்களின் மதிப்பெண் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அணைத்து வைத்துவிடுங்கள்.