பிரச்சினை பிள்ளைக்கு, எங்களை ஏன் கூப்பிடுகிறீர்கள்? குடும்பச் சிகிச்சை: கேள்வி-பதில்

மகன் ஒன்பதாம் ஆண்டு. ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறான். உளவளத்துணைக்குக் கூட்டிட்டுப் போனா, அப்பா, அப்பாயி, தங்கச்சி எல்லாரையும் வரச் சொல்றாங்க மிஸ். பிரச்சினை அவனுக்குத்தானே?
– ஒரு தாய், தலவாக்கலை

அவன் போகாத காலையில் நடப்பதைக் கடிதத்தின் மற்றப் பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நீங்கள் ஏசுகிறீர்கள். அப்பாயி "பாவம், விடு" என்று ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார். அதைப் பார்த்து உங்கள் சத்தம் கூடுகிறது, கணவர் பேசாமல் வெளியே இறங்கிவிடுகிறார், பையன் போர்வைக்குள் போய்விடுகிறான். இதில் எது முதல், எது பின் என்று பிரிக்க முடியுமா? ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

1950களில் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் மானிடவியலாளர் கிரெகரி பேட்சனின் குழு, நோயாளியை மட்டும் பார்க்காமல் அவருக்கும் வீட்டாருக்கும் இடையில் ஓடும் பேச்சைக் கவனித்தது. வீட்டார் எல்லாரையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பச் சிகிச்சை என்ற இந்தத் துறை வேர்விட்ட இடங்களில் அதுவும் ஒன்று. எல்லாரும் விரல் நீட்டும் ஆளை இங்கே 'அடையாளம் காட்டப்பட்ட நோயாளி' என்பார்கள். உங்களை அழைப்பது குற்றவாளியைப் பிடிக்க அல்ல, அந்தச் சுழற்சியை எங்கே அறுக்கலாம் என்று பார்க்க. அதற்கு முன் ஒன்று: பள்ளிக்கூடத்தில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள். அப்படி இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது வீடு அல்ல.

அம்மா குவைத்துக்குப் போனப்ப எனக்கு 13. சமையல், தம்பிமார் படிப்பு, அப்பா சம்பளத்தை வாங்கி வைக்கிறது எல்லாம் நான்தான். இப்ப அம்மா வந்து ரெண்டு மாசம். எதையும் என்னைக் கேக்கிறதில்ல. அவங்க மேல ஆத்திரமா வருது. நான் கெட்ட பிள்ளையா?
– 17 வயது, பதுளை

இல்லை தங்கச்சி. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன்.

தாய் தகப்பன் இடத்தில் நின்று வீட்டைச் சுமக்கும் பிள்ளையைப் பற்றி இந்தத் துறை நிறையவே பேசியிருக்கிறது. குடும்பச் சிகிச்சையாளர் சல்வடோர் மினுச்சின் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய குடும்பத்திலும், பெற்றோர் வேலைக்குப் போகும் வீட்டிலும் மூத்த பிள்ளை பொறுப்பெடுப்பது இயல்பு, அதனால் பிள்ளை கெட்டுவிடுவதில்லை. பொறுப்பைத் தெளிவாகக் கொடுக்காமல் பாரத்தை மட்டும் விட்டுவிட்டு, வயதுக்கு மீறியதைக் கேட்டால்தான் பிள்ளை நொறுங்குகிறது. ஹங்கேரியில் பிறந்த இன்னொரு சிகிச்சையாளர் இவான் பொசோர்மெனி-நாகி இதைக் குடும்பத்தின் கணக்குப் புத்தகமாகப் பார்த்தார்: யார் எவ்வளவு கொடுத்தார்கள், அது ஒப்புக்கொள்ளப்பட்டதா? நம் பேச்சில் சொன்னால், நீங்கள் நான்கு வருடம் மலை ஏறியிருக்கிறீர்கள், வேலை நாளைப் பதியும் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பேர்கூட விழவில்லை. ஆத்திரம் அங்கிருந்துதான் வருகிறது.

அம்மா பக்கமும் பாருங்கள். அவர் சொந்த வீட்டுக்கே விருந்தாளிபோல வந்து நிற்கிறார். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று மகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தில்தான் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடிக்கிறார் என்று நினைக்கிறேன்.

இதற்குக் கீழே இருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, இந்தப் பிள்ளை செய்தது என்னென்ன என்று தம்பிமார் முன்னால், அப்பா முன்னால், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பொறுப்புகளை ஒரே நாளில் பறிக்காதீர்கள். இந்த மாதம் சமையல், அடுத்த மாதம் காசு என்று கேட்டு வாங்குங்கள். அவள் விரும்பும் ஒன்றை அவளிடமே விடுங்கள். மற்ற நேரத்தில் அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கட்டும்.

குடும்பத்துக்குள் எல்லைகள் வேண்டும் என்று படித்தேன். 10-க்கு 12 அடி காம்பராவில் ஏழு பேர் இருக்கும் தோட்ட லயத்தில் (வரிசை வீட்டில்) எல்லையை எங்கே போடுவது?
– ஆசிரியர், மஸ்கெலியா

எல்லை என்பது சுவர் அல்ல, எந்த விசயத்தில் யார் சேரலாம் என்ற ஒழுங்கு. மினுச்சின் இந்த யோசனைகளைப் பெரிய வீட்டுக்காரர்களிடம் படிக்கவில்லை. நியூயோர்க் நகரத்து ஏழைக் குடும்பங்களின் பையன்கள் இருந்த வில்ட்விக் பள்ளியில்தான் அவர் வேலை செய்தார். புருசன் பெஞ்சாதி கடன் பற்றிப் பேசும்போது அப்பாயி பிள்ளைகளை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) கூட்டிப் போவது ஓர் எல்லை. "அப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்று பிள்ளையைத் தூதனுப்பாமல் இருப்பதும் எல்லைதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயது வந்த பெண் பிள்ளை உடுப்பு மாற்ற இடமில்லாதது அந்தக் குடும்பத்தின் குறை அல்ல, வீட்டின் குறை. அதற்குச் சிகிச்சை கிடையாது, வீடுதான் வேண்டும்.

அம்மா மனைவியைப் பற்றி என்னிடம், மனைவி அம்மாவைப் பற்றி என்னிடம். என்ன செய்ய?
– ஹட்டன்

அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் இதை முக்கோணம் என்றார். இருவருக்கிடையில் சூடு ஏறும்போது மூன்றாம் ஆளை இழுத்தால் கொஞ்சம் ஆறும், ஆனால் பிரச்சினை அப்படியே கிடக்கும். தீர்ப்பும் சொல்லாதீர்கள், ஓடவும் செய்யாதீர்கள். "இதை அவங்ககிட்டயே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்று இருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். முதல் வாரம் இருவருமே உங்கள்மேல் பாய்வார்கள். தாங்குங்கள்.

குடிச்சிட்டு அடிக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா சரியாகுமா?
– பெயர் வேண்டாம்

சேர்ந்து வர வேண்டாம். அவர் முன்னால் நீங்கள் சொல்லும் உண்மைக்கு அன்றிரவே அடி விழலாம். ஒன்று மற்றொன்றைத் தள்ளுகிறது என்று மேலே எழுதியது அடிக்குப் பொருந்தாது, அடிக்கு அடிப்பவரே பொறுப்பு. தனியாக வாருங்கள். 1938 என்பது இலங்கையில் பெண்களுக்கான தொலைபேசி உதவி இலக்கம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம்.

எட்டு வயசு மகன் இன்னும் பாயை நனைக்கிறான். அண்ணன்மார் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.
– பண்டாரவளை

முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிச் சிறுநீரைப் பரிசோதியுங்கள். பட்டப்பெயரை இன்றே நிறுத்துங்கள். அவுஸ்திரேலியச் சிகிச்சையாளர் மைக்கேல் வைட், மலம் கழிந்துவிடும் பிள்ளைகளிடம் அந்தத் தொல்லைக்கே 'திருட்டுப் பீ' என்ற மாதிரி ஒரு பெயர் வைத்தார். பிரச்சினை பிள்ளையிலிருந்து கழன்று வெளியே வந்து நின்றது, வீடே சேர்ந்து அதை எதிர்த்தது. உங்கள் மகனும் அதற்கு ஒரு பெயர் வைக்கட்டும், அண்ணன்மாரும் அவன் கட்சியில் சேரட்டும். காலையில் பாயைக் காயப்போடும்போது ஏசாமல் கேளுங்கள்: "இன்னைக்கு யாரு ஜெயிச்சது, நீயா, அதுவா?"