மாட்டுத்தாவணியிலிருந்து புதுச்சேரிக்கு: கம்மி செலவில் ஒரு பகல், ஒரு ராத்திரி

புதுச்சேரி போக நினைக்கும் மதுரை வட்டாரத்து ஆட்களின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மேலூர், கல்லூரி மாணவர்: அண்ணே, நாங்க நாலு பேர். ஆளுக்கு 2500 ரூபாதான் இருக்கு. சனி, ஞாயிறு போய்ட்டு வந்துரலாமா?

வரலாம் தம்பி. ஆனால் சனி ராத்திரி அங்கே தங்காதீர்கள். வெள்ளி சாயங்காலமே சென்னைக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் வந்து இறங்கிவிடும். அந்த இரண்டு ராத்திரியும் அதே அறைக்கு வாடகை எகிறிவிடும். சனி ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஞாயிறு விடிய இறங்குங்கள். ஞாயிறு ராத்திரிக்கு மட்டும் அறை எடுத்து, திங்கள் மதியம் கிளம்பிவிடலாம். நேரடி பஸ் அமையவில்லை என்றால் விழுப்புரத்தில் மாறுங்கள். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்.

ஆளுக்குப் பயணம் 800, அறைப் பங்கு 500, சாப்பாடு 700, உள்ளூர்ச் சுற்றல் 250 என்று ஒதுக்கி, மீதியைத் தொடாமல் வையுங்கள். அறை பேசும்போதே கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகல் 12 கணக்கு உள்ள இடத்தில் காலை 6 மணிக்குப் போய் நின்றால் ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள். அந்த மாதிரி இடத்தில் பையை மட்டும் வைத்துவிட்டு, குளித்துக் கிளம்ப அனுமதி கேளுங்கள்.

திருமங்கலம்: ரயில்ல போனா மிச்சமாகுமா?

ஆகும். காலையில் மதுரையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில் செகண்ட் சிட்டிங் எடுத்தால், விழுப்புரம் வரை சுமார் 335 கிலோமீட்டருக்கு பஸ் கட்டணத்தில் பாதிதான் ஆகும். 11 மணி வாக்கில் விழுப்புரம், அங்கிருந்து பஸ். சங்கடம் என்னவென்றால், நல்ல காலை நேரம் ரயிலிலேயே போய்விடும். அதனால் போக பஸ், திரும்ப ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சென்னையிலிருந்து வரும் வைகையைப் பிடிக்க, புதுச்சேரியை விட்டு 2 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

அவனியாபுரம், வங்கி ஊழியர்: எந்தெந்த இடம் பார்க்கணும், வரிசையாச் சொல்லுங்க சார்.

இடக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கில் போங்கள். இந்த ஊரில் நடுப்பகல்தான் காசைத் தின்னும். வெயில் தாங்காமல் ஏசி கஃபேயில் உட்கார்ந்தால் இரண்டு காபிக்கே ஒரு நேரச் சாப்பாட்டுப் பணம் போய்விடும். விடிகாலையும் சாயங்காலமும் காசில்லாமலே கழியும்.

காலை ஐந்தரைக்கு பீச் ரோட்டில் இருங்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் அந்த ஒரே நடையில் வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வெள்ளைக்காரத் தெருக்களைச் சுற்றிவிட்டு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பக்கம் வாருங்கள். வைசியாள் தெருவை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெருவை ஒட்டி மரத்தூண், அதன் மேல் சாய்வாக ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே தள்ளித் திண்ணை: வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவென்றே கட்டிய முகப்பு. வெள்ளைக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுக்க வரிசை கட்டும் கூட்டத்தில் பாதிகூட இந்தப் பக்கம் வருவதில்லை. பெரிய இழப்பு அது.

10 மணிக்கு மேல் நிழலுக்குள் போய்விடுங்கள். அருங்காட்சியகத்துக்கு திங்கள் விடுமுறை, அதனால் ஞாயிறே பார்த்துவிடுங்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்குக் கட்டணம் கிடையாது. காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6 வரை திறந்திருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை உள்ளே விடமாட்டார்கள், குடும்பமாகப் போகிறவர்கள் முறை வைத்துப் போய் வாருங்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீடு இருக்கிறது. 1904இல் நம் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், 1908 முதல் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். மதுரைக்காரர்கள் அந்த வாசலை மிதிக்காமல் வரக்கூடாது என்பது என் பிடிவாதம்.

செல்லூர்: பீச்ல குளிக்கலாமா? பசங்க கேக்க மாட்டாங்க.

ஊருக்கு நேரே உள்ள கடற்கரையில் கூடாது. அங்கே கிடப்பது கொட்டிய பாறாங்கல். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகச் சுவர் கட்டியதும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே கரை அரித்துக்கொண்டு போனது, அதைத் தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் போட்ட தடுப்பால் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அது உட்காரத்தான். கல்லில் பச்சையாகப் பாசி படிந்திருந்தால் கால் வைக்காதீர்கள். செல்போன் இடுக்கில் விழுந்தாலும் கைவிட்டுத் துழாவ வேண்டாம், அடுத்த அலை அங்கேதான் வந்து அடிக்கும்.

வடக்கே செரினிட்டி பீச்சிலும் நீரோட்டம் இழுக்கும். இறங்குவதற்கு முன் கரையில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கருத்து, அமைதியாகத் தெரியும். நுரையும் கலங்கல் மணலும் அந்த வழியாகக் கடலுக்குள் போகும். அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள், உயிரை வாங்குவதும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக ஒரு பக்கம் நீந்தி, பட்டையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு முழங்கால் தண்ணீர் போதும்.

உசிலம்பட்டி: நைட்டு மதுரை மாதிரி கடை இருக்குமா?

இருக்காது. ராத்திரி ஒரு மணிக்கு புரோட்டா, சுக்கா என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். 10 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கடற்கரை ஓரம் சாப்பிடாமல் வாய்க்காலுக்கு மேற்கே வந்தால் செலவு நன்றாகக் குறையும். ஞாயிறென்றால் மகாத்மா காந்தி சாலையில் சந்தை உண்டு. தையலையும் ஜிப்பையும் இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கிவிட்டு, பிறகு பீச் ரோட்டுக்குப் போய் உட்காருங்கள். கிழக்குக் கடல் என்பதால் சூரியன் கடலில் மறையாது. ஆனால் பௌர்ணமியன்று, சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் கடலிலிருந்து நிலா சிவப்பாகக் கிளம்பும். காலண்டரைப் பார்த்துத் தேதி வைத்தால் அதுவும் கிடைக்கும்.

திருப்பரங்குன்றம், இல்லத்தரசி: குடும்பத்தோட பத்திரமா, கம்மியா எங்க தங்கலாம்?

அக்கா, ஆசிரமத்தின் விருந்தினர் விடுதிகளை முதலில் கேளுங்கள். சுத்தமாக இருக்கும், மது, புகை கிடையாது. ராத்திரி பத்தரைக்குக் கேட் பூட்டிவிடுவார்கள், அதற்குள் வந்துவிட வேண்டும். ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள் என்பதால் அந்த வாரம் இடம் கிடைப்பது கஷ்டம்.

அலங்காநல்லூர்: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

ஊருக்குள் தேவையில்லை, நடையோ சைக்கிளோ போதும். சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆரோவில் போவதானால் எடுங்கள். லைசென்ஸ், ஹெல்மெட் கட்டாயம். சாவி வாங்குமுன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து, கடைக்காரர் கண்ணெதிரே பழைய கீறல்களைக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் திருப்பித் தரும்போது அட்வான்ஸில் கை வைப்பார்கள். அங்கே உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரை வெளியே இருந்து பார்க்கப் பாஸ் இலவசம். உள்ளே போக முன்பதிவு வேண்டும்.

திருமங்கலம் (மறுபடியும்): அரிக்கமேடு போகலாமா?

1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய இடம், ரோமானியச் சாடிகள் கிடைத்த ஊர். நேரில் போனால் மரமும் செங்கல் இடிபாடும்தான். கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்த மண் பேசும், மற்றவர்கள் அந்த நேரத்தை நகருக்குள்ளேயே கழிக்கலாம்.

மேலூர் மாணவர் (மறுபடியும்): வரும்போது ரெண்டு பாட்டில்...

வேண்டாம் தம்பி. பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். சோதனையில் பையைத் திறந்தால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய், வழக்கும் சேரும்.

செல்லூர் (மறுபடியும்): எந்த மாசம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கடலில் சாமி இறங்குவதும் பிடிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஜூலை போகிறவர்கள் 13ஆம் தேதி ராத்திரி அங்கே இருக்கும்படி வைத்துக்கொண்டால், பிரெஞ்சு தேசிய நாளுக்கு முந்தைய விளக்கு ஊர்வலத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.