ஆன்ஃபீல்டில் எவர்ட்டன்: படக்குறிப்பு சரிதான்

உங்களிடமுள்ள பழைய படத்தின் பின்புறம் ‘எவர்ட்டன், ஆன்ஃபீல்டு, 1890’ என்றிருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள், பிழையன்று, அடித்துவிடாதீர்கள். இன்று இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் கோட்டையாக விளங்கும் அந்த ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1884 முதல் 1892 வரை ஆடியது அதே நகரின் மற்றொரு கால்பந்துக் கழகமான எவர்ட்டன்தான். 1891இல் தன் முதல் லீக் பட்டத்தை வென்றபோதும் அதுவே அதன் சொந்தத் திடல். வாடகை முதலியவை தொடர்பாக, கழகத் தலைவரும் நில உரிமையாளருமான ஜான் ஹோல்டிங்குடன் தகராறு முற்றவே, எவர்ட்டன் ஸ்டான்லி பூங்காவின் மறுபுறமுள்ள குடிசன் பார்க்குக்குப் பெயர்ந்து, 2025 வரை அங்கேயே ஆடியது. ஆளற்ற திடலோடு நின்ற ஹோல்டிங் 1892இல் லிவர்பூல் கழகத்தையே தொடங்கினார் (பரம வைரிகளுக்கு இப்படியொரு பூர்விகம்!). படத்தில் ‘கோப்’ எனப்படும் உயர்ந்த பார்வையாளர் மேடு தெரிந்தால் மட்டும் ஆண்டைச் சந்தேகியுங்கள். அது 1906இல்தான் எழுந்தது.