ஸ்டேக் துண்டு செவக்காம தண்ணி விடுதா, வெண்ணெய் கருகுதா

ஸ்டேக் (தடியா வெட்டின மாட்டுக்கறி) துண்டுகளை பூண்டு வெண்ணெய்ல வறுக்கும்போது கறி செவக்காம சாம்பல் கலராகி தண்ணி விடுது, வெண்ணெயும் கருகுதுன்னா, வெண்ணெயை முதல்லயே போடாதீங்க, கறியையும் மொத்தமா கொட்டாதீங்க. சாம்பல் கலர், தண்ணி, கருகின வெண்ணெய் மூணும் இதுலயே சரியாகும்.

காரணம் பெரும்பாலும் ஈரம்தான். கறி மேல தண்ணி இருக்குற வரைக்கும் அந்த எடம் 100 டிகிரிய தாண்டாது, நல்லா செவக்க 140 கிட்ட வேணும், அதனால துண்டுகளை டிஷ்யூல நல்லா ஒத்தி எடுத்துட்டு எண்ணெய் காஞ்சதும் இடைவெளி விட்டு ரெண்டு மூணு தடவையா போடுங்க, போட்டதும் கிண்டாம ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க.

முதல்ல ஒரே ஒரு துண்டை போட்டு பாருங்க. சொய்ங்னு சத்தம் நிக்காம வந்தா சூடு சரி, சத்தம் அடங்கி ஓரத்துல தண்ணி கசிஞ்சா துண்டை எடுத்துட்டு எண்ணெயை இன்னும் காய விடுங்க.

கறியை தட்டுக்கு எடுத்துட்டு, தீயை நல்லா கொறச்சு வெண்ணெயும் நசுக்கின பூண்டும் போடுங்க, ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு அடியில ஒட்டியிருக்குற பழுப்பை சுரண்டி கலந்துக்கங்க, சாஸோட ருசியே அதுலதான் இருக்கு. கறியை திரும்ப போட்டு ஒரு பிரட்டு பிரட்டி உடனே இறக்கிருங்க.

ஆனா நான்ஸ்டிக் பேன்னா இவ்ளோ சூடு வேணாம், கோட்டிங் போயிடும். இரும்பு இல்லன்னா ஸ்டீல்ல பண்ணுங்க.