ஜெனரேட்டர் வேண்டாம், அடுப்புக்கே கொடுங்கள்

உங்கள் மெஸ்ஸில் தினமும் சேரும் 50 கிலோ உணவுக் கழிவில் பயோகேஸ் எடுத்து, ஜெனரேட்டர் ஓட்டி, டெலிவரி மின் ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஜெனரேட்டரில் பணம் போடாதீர்கள்.

50 கிலோவுக்கு ஏறக்குறைய 5 கன மீட்டர் வாயு வரும். சிறிய எஞ்சினில் அதன் ஆற்றலில் முக்கால்வாசி வெப்பமாகவே போய்விடும். கையில் நிற்பது 7 யூனிட் சொச்சம். வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை வேறு அரிக்கும். அந்தப் பயோகேஸையே அடுப்பில் எரித்தால் நாளுக்குச் சுமார் 2 கிலோ எல்பிஜி மிச்சம். ஒன்பது, பத்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர்!

ஸ்கூட்டருக்கு ஈபி மின்சாரமே போதும், பெட்ரோலை விட எவ்வளவோ மலிவு.

கசிவு மட்டும் கூடவே கூடாது. பயோகேஸில் பெரும்பகுதி மீத்தேன்தான்; அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி வாரம் ஒருமுறை பாருங்கள்.