பரங்கிக்காய் சூப்பும் நட்சத்திர ரொட்டியும்: வாசகர் கேள்வி பதில்

பண்டிகை விருந்தை கிரீமியான பரங்கிக்காய் சூப்போடு தொடங்கி, அதன் மேல் நட்சத்திரம், இலை என்று வடிவம் வெட்டிய மொறுமொறு ரொட்டியை, அதாவது குரூட்டானை, மிதக்கவிட நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். கேள்விகள் பலவாக இருந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: காயிலும் ரொட்டியிலும் போகாமல் தங்கிவிட்ட தண்ணீர்.

கேள்வி: பரங்கிக்காயைக் குக்கரில் வேகவைத்து அரைத்துச் சூப் செய்கிறேன். எவ்வளவு கிரீம் ஊற்றினாலும் கெட்டியாக வருவதில்லை. கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: கிரீமில் குறையில்லை, குக்கரில்தான். பரங்கிக்காயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை இன்னும் தண்ணீர் விட்டு மூடி வேகவைத்தால் உள்ளே இருப்பதும் போகாது, வெளியே ஊற்றியதும் சேர்ந்துகொள்ளும். கிரீம் கொழுப்பைக் கூட்டுமே தவிர, அந்த நீரை இழுத்துப் பிடிக்காது. காயைச் சுட்டு எடுத்தால் நீர் ஆவியாகும், இனிப்பு அடர்த்தியாகும், நிறமும் ஆழமாகும்.

ஆறு பேருக்கு அளவு: தோலும் விதையுமாக 1½ கிலோ பரங்கிக்காய், வெண்ணெய் 30 கிராம், பெரிய வெங்காயம் 1 (சுமார் 150 கிராம்), பூண்டு 4 பல், காய்கறி ஸ்டாக் (காய்கறிகளை வேகவைத்து வடித்த நீர்) 700 மில்லி, கிரீம் 100 மில்லி, உப்பு 1½ தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ½ தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. ஸ்டாக்கில் ஏற்கெனவே உப்பு இருந்தால் ½ தேக்கரண்டியில் தொடங்குங்கள். கருமிளகும் போடலாம், சுவை கெடாது. சூப்பில் கரும்புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான்.

காயை இரண்டாகப் பிளந்து விதையையும் நாரையும் கரண்டியால் வழித்துவிடுங்கள். வெட்டிய பக்கத்தில் எண்ணெய் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, ஓவனில் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 45 முதல் 60 நிமிடம் சுடுங்கள். தோல் சுருங்கி, கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: காயை நிமிர்த்தி வைத்து, அணைத்த ஓவனில் கதவைச் சற்றுத் திறந்தபடி 10 நிமிடம் விடுங்கள். அடைபட்ட நீராவி அப்போதுதான் வெளியேறும். பிறகு சதையை வழித்தால் 700 முதல் 800 கிராம் கிடைக்கும். ஒரு கரண்டி சதையைத் தட்டில் குவித்துப் பாருங்கள். சுற்றிலும் நீர் கசிந்தால் அகலமான வாணலியில் மிதமான தீயில் 5 முதல் 8 நிமிடம் கிளறுங்கள். கரண்டி இழுத்த தடம் மூடாமல் நின்றால் போதும்.

வெண்ணெயில் வெங்காயத்தைச் சிறு தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக்கூடாது. வெங்காயம் சிவந்தால் சூப் ஆரஞ்சு நிறத்தை விட்டு மண் நிறத்துக்குப் போய்விடும். பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் வதக்கிய பின், சதையும் 500 மில்லி ஸ்டாக்கும் சேர்த்து 15 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு அரையுங்கள். மீதி 200 மில்லியை அரைத்த பிறகு பதம் பார்த்துச் சேர்ப்பதே பாதுகாப்பு. கெட்டியானதை நீர்க்கச் செய்ய ஒரு நொடி போதும், நீர்த்ததைக் கெட்டியாக்க அரை மணி நேரம் அடுப்பருகே நிற்க வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள் 3 செ.மீ. துண்டுகளை ஆவியில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்து, மேலே சொன்னபடி வாணலியில் நீரை வற்றவையுங்கள். சுட்ட மணம் வராது, பதம் வந்துவிடும்.

கேள்வி: எந்தப் பரங்கிக்காய் வாங்குவது?

பதில்: அளவுக்கு மீறிக் கனக்கும் சிறிய அல்லது நடுத்தரக் காய். உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு, நெருக்கமான சதை. முகம் செதுக்கி அலங்காரத்துக்கு வைப்பதற்கென்று விற்கும் பெரிய காயில் நீரும் நாரும்தான் அதிகம். சூப்புக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: சமைக்கும் முன் பச்சைச் சதையில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடும் கசப்பு இருந்தால் துப்பிவிட்டு, தயங்காமல் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் அது அழியாது, வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கும். சர்க்கரை போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: மிக்ஸியில் அரைக்கும்போது மூடி தெறித்துச் சூப் மேலெல்லாம் சிதறியது. இவ்வளவு பாடுபட்டும் நாக்கில் திப்பி தட்டுகிறது.

பதில்: சூடான நீர்மம் மூடிய ஜாரில் சுழலும்போது நீராவி திடீரென்று பெருகி மூடியைத் தள்ளும். சூப்பை 10 நிமிடமாவது ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியின் நடுவிலுள்ள சிறு மூடியை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையின் மேல் மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். நடுமூடி இல்லாத ஜார் என்றால் சூப் நன்றாக ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கையால் பிடித்து அரைக்கும் பிளெண்டரில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் அதன் கத்தி முழுக்க மூழ்கியிருக்க வேண்டும்.

திப்பிக்கு இரண்டு வழி. முதலில் கெட்டியாக இருக்கும்போதே 2 நிமிடம் அரையுங்கள். நீர் அதிகமானால் துண்டுகள் கத்தியில் சிக்காமல் நழுவும். பிறகு கண் நெருக்கமான வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு இது வேண்டியதில்லை, விருந்துக்கு வேண்டும்.

கெட்டிக்காக உருளைக்கிழங்கு சேர்ப்பவர்கள் ஒரு சிறிய கிழங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகம் போட்டு அதிகம் அரைத்தால் மாவுச்சத்து வெளிப்பட்டு சூப் பசையாக இழுபடும்.

கேள்வி: கிரீம் ஊற்றியதும் திரிந்துவிடுகிறது. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் மோசம்.

பதில்: கொதிக்கும் சூடு, புளிப்பு, கொழுப்புக் குறைந்த கிரீம் என்று மூன்று காரணங்கள். இரண்டு சேர்ந்தால் பெரும்பாலும் திரியும். அடுப்பை அணைத்து 3 நிமிடம் கழித்து, ஒரு கரண்டி சூப்பைக் கிரீமில் கலந்து அதைச் சூடாக்கி, பிறகு அந்தக் கலவையைச் சூப்பில் ஊற்றுங்கள். அதன்பின் கொதிக்கவிடாதீர்கள். கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் உள்ள கிரீம் சூட்டை நன்றாகத் தாங்கும். எலுமிச்சை தேவைப்பட்டால் கிண்ணத்தில் ஊற்றும் முன் 1 தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே திரிந்ததை 1 தேக்கரண்டி சோள மாவை 2 மேசைக்கரண்டி குளிர்நீரில் கரைத்துச் சேர்த்து, மெல்லச் சூடாக்கி, மீண்டும் அரைத்தால் பெரும்பாலும் ஒன்றுகூடிவிடும்.

கேள்வி: சூப் வெறும் இனிப்பாக, சப்பென்று இருக்கிறது.

பதில்: முதலில் உப்பு. கால் கால் தேக்கரண்டியாகச் சேர்த்துச் சுவையுங்கள், பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு சரியாகிவிடும் என்பது எங்கள் எண்ணம். பிறகுதான் அந்த எலுமிச்சைச் சாறு. கடைசியாக ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். பட்டை, கிராம்பு என்று அடுக்கினால் சூப் பாயசத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: நட்சத்திர வடிவ ரொட்டி வெட்டும்போது ஓரம் பிய்கிறது. சுட்டால் முனை கருகி நடுவில் மெத்தென்று இருக்கிறது. சரியான முறையைச் சொல்லுங்கள்.

பதில்: புது ரொட்டியை எடுத்திருப்பீர்கள். ஒரு நாள் பழையதாக, 1 செ.மீ. கனத்தில், துளைகள் சிறிதாக உள்ள சாண்ட்விச் ரொட்டிதான் இதற்குச் சரி. துண்டுகளை 15 முதல் 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து விறைப்பானதும் வெட்டுங்கள். 3 முதல் 4 செ.மீ. அகல பிஸ்கட் அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். திருகினால்தான் ஓரம் பிய்கிறது. வடிவத்தின் எந்தப் பகுதியும் 1 செ.மீ.க்குக் குறுகலாக இருக்கக்கூடாது. பனித்துகள் வடிவ அச்சு கடையில் அழகாகத்தான் இருக்கும். ரொட்டியில் அதன் கைகள் ஒவ்வொன்றாக உடைந்து விழும்.

கிண்ணத்துக்கு 3 வீதம் 18, உடைவதற்கும் குழந்தைகள் எடுத்துத் தின்பதற்கும் சேர்த்து 24 வெட்டிக்கொள்ளுங்கள். 2 மேசைக்கரண்டி நெய்யை உருக்கி, 1 மேசைக்கரண்டி எண்ணெய் கலந்து, தூரிகையால் இருபுறமும் லேசாகத் தடவுங்கள். முக்கி எடுத்தால் ரொட்டி எண்ணெயை உறிஞ்சிக் கனத்துவிடும். வெண்ணெயை விட நெய் மேல். வெண்ணெயில் உள்ள நீர் ரொட்டியை நனைக்கும், பால்கசடு சீக்கிரம் கருகும்.

சூடு 160 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்புங்கள். 200 டிகிரியில் மெல்லிய முனைகள் கருகும்போதும் நடுவிலுள்ள ஈரம் அப்படியே இருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். இளம்பொன்னிறத்தில் வெளியே எடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். ஒன்றை 2 நிமிடம் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடியாமல் வளைந்தால் இன்னும் 3 நிமிடம்.

பூண்டு மணம் வேண்டுமானால் நசுக்கிய 2 பல்லை நெய்யில் மெதுவாகச் சூடாக்கி வடிகட்டிவிடுங்கள். ரொட்டியில் ஒட்டிய பூண்டுத் துணுக்கு கருகிக் கசக்கும். துருவிய சீஸைக் கடைசி 3 நிமிடத்தில் தூவுங்கள். இலை வடிவம் என்றால் சுடும் முன் கத்தியின் முதுகால் நரம்பு அழுத்துங்கள், சுட்டபின் கோடு தெளிவாகத் தெரியும்.

அடுப்பில்தான் செய்ய வேண்டுமென்றால் கனமான தோசைக்கல், மிகச் சிறு தீ, பக்கத்துக்கு 4 முதல் 5 நிமிடம். முதலில் எதுவும் தடவாமல் உலரவிட்டு, பிறகு நெய் தடவிச் சிவக்க விடுங்கள்.

கேள்வி: பரிமாறுவதற்குள் ரொட்டி ஊறி மூழ்கிவிடுகிறது.

பதில்: அடுப்படியில் போட்டு மேசைக்குக் கொண்டுபோனால் அப்படித்தான் ஆகும். உள்ளே காற்று இருக்கும்வரை மிதக்கும், அந்த இடத்தைச் சூப் பிடித்ததும் மூழ்கும். மேசையில் வைத்துப் போடுங்கள். எல்லோரும் உட்கார நேரமாகும் விருந்து என்றால் வேறொரு வழி: 6 செ.மீ. பெரிய நட்சத்திரமாக வெட்டி, சுடும் முன் கீழ்ப்பகுதியில் கிண்ண விளிம்பின் கனத்தைவிடச் சற்று அகலமாக ஒரு பிளவு போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பில் செருகி நிறுத்தலாம், சூப்பைத் தொடவே தொடாது.

கேள்வி: கிரீமில் கோலம் போட்டால் பரவிக் கலைந்துவிடுகிறது.

பதில்: கிரீமும் சூப்பும் கிட்டத்தட்ட ஒரே கெட்டியில் இருக்க வேண்டும். கிரீமை 20 முதல் 30 நொடி அடித்துச் சற்றுக் கெட்டியாக்குங்கள். தேக்கரண்டி நுனியால் வட்டமாக 6 துளி வைத்து, பல்குச்சியை எல்லாத் துளிகளின் நடுவிலும் ஒரே இழுப்பாக இழுத்தால் இதய வடிவங்கள் வரிசையாக விழும். அதன் நடுவே ஒரு நட்சத்திரம் போதும்.

கேள்வி: பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம்?

பதில்: குரூட்டானை 3 நாள் முன்பே செய்யலாம். முழுக்க ஆறிய பிறகுதான் காற்றுப்புகாத டப்பாவில் போட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் நமுத்துவிடும். நமுத்ததை 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுக்கும்.

சூப்பைக் கிரீம் சேர்க்காமல் முந்தைய நாளே அரைத்து, அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான ஒரே பாத்திரத்தில் விட்டால் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கெட்டுப்போக அதுவே போதும். மறுநாள் இறுகியிருக்கும், 100 மில்லி வெந்நீரோ ஸ்டாக்கோ விட்டு இளக்கி, நன்றாகக் கொதித்ததும் அணைத்துக் கிரீம் சேருங்கள். காய், வெங்காயம் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினாலும் ஸ்டாக்கை முதலில் 1 லிட்டரோடு நிறுத்துங்கள். பெரிய பாத்திரத்தில் அளவுக்கேற்ற அளவு ஆவி போகாது.

கேள்வி: பால் சேர்க்காத விருந்தினர் ஒருவர் இருக்கிறார்.

பதில்: வெண்ணெய், நெய் இரண்டுக்கும் பதில் எண்ணெய். கிரீமுக்குப் பதில் 40 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து 80 மில்லி நீர் விட்டு விழுதாக அரைத்துச் சேருங்கள். புளிப்பு பட்டாலும் பால் கிரீம்போல் திரியாது. கொட்டைகள் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரொட்டி உறையில் பால்பொருள் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், சாண்ட்விச் ரொட்டி பலவற்றில் பால்பவுடர் இருக்கும்.